தாரை வார்த்த பசி

என் அப்பா நாச்சிமுத்து பசியை வென்ற அன்று மத்தியானம், அந்தப் பசி வேறெங்கும் போகாமல் நேராக என் அம்மா மயிலாத்தாளின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அப்பாவுக்குப் போட்டு வைத்திருந்த சோற்றைத் தின்றாள், தனக்கு வைத்திருந்ததைத் தின்றாள், விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு வைத்திருந்ததையும் தின்றாள், பிறகு குழம்புச் சட்டியைச் சாய்த்து வழித்து நக்கிவிட்டு, "கோவிச்சுக்காத அம்மிணி, இது என்ற பசியில்ல, உங்கப்பனோடது" என்றாள். அவள் சொன்னதை நான் அந்த நிமிஷமே நம்பினேன், ஏனென்றால் அம்மாவின் பசி எனக்குத் தெரியும். அது ஒன்றரைத் தோசைப் பசி, அதுவும் எல்லோரும் கை கழுவின பிறகு, ஆறி வறண்ட தோசைக்கு மட்டும் வருகிற பசி.

எங்கள் வெள்ளக்கல்பாளையத்தில் விசைத்தறி ஓடாத வீதி கிடையாது. விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் டடக் டடக் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகி, கரண்ட் போய்த் தறி நின்றால் என்னவோ ஏதோவென்று வாசலுக்கு ஓடி வருகிற ஜனங்கள் நாங்கள். இப்படிப்பட்ட ஊருக்கு அமைதியைக் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்தார். முன்பு ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாக இருந்தவர், செத்த பிறகு வரும் பணத்தை விற்று அலுத்துப்போய், சாகாமலே வரும் நிம்மதியை விற்கலாமென்று நூல் குடோன் மாடியில் உள்ளொளி மன்றம் திறந்தார், ஊர் அவரை ஆசான் என்றது. அவர் சொல்லிக்கொடுத்தது தப்பென்று நான் சொல்லவில்லை. முதுகை நிமிர்த்து, மூச்சைப் பார், வருகிற நினைப்பை வரவிடு, போகிற நினைப்பைப் போகவிடு என்பதில் யார் குறை கண்டுபிடிக்க முடியும்? நானும் அந்த மாடியில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து, அத்தனை தறிச் சத்தத்துக்கும் நடுவில் சத்தமே இல்லாத ஓர் இடம் இருப்பதை ஒரு நாள் கேட்டிருக்கிறேன். என் சண்டை மூச்சோடு அல்ல, அதை இழுத்துவிட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்பவளின் தலையில் தன் மூட்டையை இறக்குகிறவர்களோடு.

மன்றத்தில் ஒரு முறை உண்டு. ஒன்றை விடத் தீர்மானித்தவர் செம்புத் தண்ணீரை எடுத்து, விடுவது இன்னதென்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, ஆற்று மணல் பரப்பின தாம்பாளத்தில் ஊற்ற வேண்டும். மண்ணில் விட்டது மண்ணோடு போகும். அப்பா எழுந்து நின்றார், செம்பை எடுத்தார், "பசியை விட்டேன்" என்றார், ஊற்றினார், ஆனால் மணலில் ஊற்றவில்லை. அப்பா தன் ஆயுளில் எதையும் கீழே வைத்தவரில்லை. கழற்றின சட்டையை, குடித்த டம்ளரை, படித்த பேப்பரை வைக்க அவர் இடம் தேடமாட்டார், ஒரு கையைத் தேடுவார், அம்மாவின் கை அங்கே இருக்கும். அன்றைக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பினார், துண்டோடு நின்றிருந்த அம்மா தன் முன்னால் என்னவோ சாய்கிறதென்று கண்டாள், அவ்வளவுதான், இரண்டு கைகளும் தாமாகச் சேர்ந்து ஏந்திக்கொண்டன, ஒரு சொட்டு மணலில் விழவில்லை. கையில் நீர் வார்த்துக் கொடுத்தால் கொடுத்தது கொடுத்ததுதான். எங்கள் பக்கம் தோட்டத்தை அப்படித்தான் கொடுப்பார்கள், பெண்ணையும் அப்படித்தான் கொடுப்பார்கள். கொடுத்தவர் திருப்பிக் கேட்கக் கூடாது, வாங்கினவளிடம் வேண்டுமா என்று யாரும் கேட்பதும் கிடையாது.

ஊர் இதற்கெல்லாம் வாயைப் பிளந்து நிற்கவில்லை. அப்பா மூன்று வேளையும் தட்டைத் தொடாமல், முகம் தெளிந்து, சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, பட்டறைக்காரர்களும் நூல் வியாபாரிகளும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, கவிழ்த்து வைத்த அவர் தட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். அப்பா ஐயா ஆனார். அம்மாவோ கொல்லைப்புறத்தில் அண்டாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவின் அக்கா, என் வள்ளியாத்தா அத்தை, வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"என்ற தம்பி சோறு தண்ணியில்லாம தவத்துல உக்காந்திருக்கறான். நீ என்னடான்னா அண்டாவுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறே. வெக்கமா இல்லியா மயிலா?"

"வெக்கம் இருக்குதுங் நங்கையா" என்றாள் அம்மா நாத்தனாரிடம், வாய் நிறையச் சோற்றோடு. "பசி அதவிடப் பெருசா இருக்குதுங்."

இந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றி மன்றத்துக்கும் போனது. ஆசான் ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவில் தீர்ப்புச் சொன்னார்: அந்த அம்மாள் தின்பது தீனியல்ல, யோகியின் பசி அங்கே அக்கினியாக எரிகிறது, அதற்கு இடுவது வேள்வியில் இடுவதற்குச் சமம். மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் டிபன் கேரியர்கள் வரிசை கட்டின. அரிசியும் பருப்பும் சாதம், கம்மஞ்சோறு, பணியாரம், நெய் வடிய ஒப்புட்டு என்று ஒவ்வொருத்தியும் கொண்டுவந்து, "ஐயா பசியாறோணும்" என்று கும்பிட்டு அம்மாவுக்கு ஊட்டினாள், ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வயிற்றைப் பார்த்துச் சொன்னார்கள், சிலர் அவள் மென்றுகொண்டிருக்கும்போதே அந்த வயிற்றுக்கு நேராகச் சூடம் காட்டினார்கள். நேற்று வரை தீனிப்பண்டாரம் என்று சொன்ன அத்தை, இன்றைக்கு வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டு நின்றாள். அம்மா ஊதிக்கொண்டே போனாள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. மூச்சை எப்படி விடுவதென்று ஊருக்கே வகுப்பெடுக்கும் மன்றத்தில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் பல்கலைக்கழக விடுதியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டேன், வந்த வாரமே மாடி ஏறிப்போய் ஆசானிடம் கேட்டேன்.

"ஆமை மாதிரிப் புலனை உள்ளே இழுக்கணும்னு சொல்றீங்களே, ஆமை தன்னோட காலைத் தன்னோட ஓட்டுக்குள்ளதானுங்க இழுக்குது? பக்கத்து ஆமையோட ஓட்டுக்குள்ள திணிக்கிறதில்லையே?"

கூடம் சிரித்தது. ஆசானும் சிரித்தார், அந்தச் சிரிப்பில் பாலிசி எடுக்க மறுக்கிற வீட்டில் சிரித்துப் பழகின பொறுமை இருந்தது. "மகளே, நீ தறிக்காரர் வீட்டுப் பெண். தறியிலிருந்து ஒருத்தர் கையெடுத்தால் இன்னொருத்தர் கை வைக்க வேண்டாமா? இல்லாவிட்டால் நூல் அறுந்துபோகுமே."

"அப்படின்னா கையெடுத்தவருக்கு எதுக்கு மாலை? கை வெச்சவங்களுக்கில்ல போடணும்?"

"வாதம் என்பது அறிவுக்கு வருகிற அரிப்பு" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார், பின்னாலிருந்து யாரோ, "நாச்சிமுத்தண்ணம் புள்ள ரொம்பப் படிச்சிருச்சு" என்றார், அத்தோடு என் கேள்வி முடிந்தது. பதில் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதற்குப் பேர் தியானமென்றால், எங்கள் ஊர் ஆண்கள் எந்த மன்றமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தியானம் செய்து வந்தவர்கள்.

அதற்குப் பிறகு மணல் தாம்பாளம் மூலைக்குப் போய்விட்டது. ஒரு பொருள் மறைந்துபோவதைவிட அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது நல்லதென்று ஆண்களுக்குப் பட்டது, எல்லோரும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் கையில் ஊற்றினார்கள். சாயப்பட்டறைக்காரர் தன் சர்க்கரை ஆசையை விட்டார், அவர் மனைவி வெல்லம் திருடித் தின்று மாட்டிக்கொண்டாள். தபால்காரர் சோம்பலை விட்டார், அவர் வீட்டில் மத்தியானம் வரை அடுப்பு பற்றவில்லை. ஊர் ஆண்கள் நாளுக்கு நாள் பளபளத்தார்கள், பெண்கள் நாளுக்கு நாள் கெட்டுப்போனார்கள், அந்தக் காலத்துப் பெண்கள் இப்படியா இருந்தார்கள் என்று மன்றத்தில் வருத்தப்பட்டுக்கொண்டார்கள்.

அப்பா அடுத்ததாகக் கோபத்தை விட்டார். இந்த முறை கண்ணைத் திறந்து, கையைப் பார்த்தே ஊற்றினார்.

அந்தக் கோபத்தை எனக்குத் தெரியும், வீட்டுச் சுவரில் அதன் தழும்பு இருக்கிறது, ரசம் வடிந்த கறை. வீட்டையே நடுங்க வைத்த அது ஏதோ பெரிய கோபமாக இருக்குமென்று நான் நினைத்திருந்தேன், அம்மாவுக்குள் வந்து அது வாயைத் திறந்தபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. உப்புக்கு வந்த கோபம், துண்டு இருந்த இடத்தில் இல்லாததற்கு வந்த கோபம், காபி ஆறினதற்கு வந்த கோபம், அவ்வளவுதான் அதன் சொத்து. பாவம், அம்மாவுக்கு அதை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. அவளே குழம்பு வைத்து, அவளே ஒரு வாய் வைத்து, "ஏண்டி, இது குழம்பா கழனித்தண்ணியா? உப்பு எங்கடி?" என்று காலி அடுப்படியைப் பார்த்துக் கத்தி, தட்டை எறிந்து, அதே மூச்சில் முந்தானையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்து சிதறினதைப் பொறுக்கினாள். ஒரே உடம்பில் எறிகிறவரும் பொறுக்குகிறவளும் குடியிருப்பதை நான் பார்த்தேன். சோபாவில் அப்பா சாந்த சொரூபமாக இருந்தார்.

பிறகு ஒரு நாள் அத்தை வந்து, "ஐயா வீட்டுல இப்படிக் காட்டுக் கத்தல் கேக்கலாமா? என்ற தம்பிய முழுசா முழுங்கிப்போட்டுத்தான் ஓய்வியாட்ட இருக்குது" என்றாள். அம்மா பொறுக்கிக்கொண்டிருந்த பருக்கையைக் கீழே போட்டாள். எழுந்தாள். பல வருஷம் விலாசம் தெரியாமல் அலைந்த கோபம் அன்றைக்குச் சரியான கதவைத் தட்டியது.

"ஆருங் முழுங்கினா? உங்க தம்பி துப்பினத நான் முழுங்கீட்டிருக்கறேன். உங்க தம்பி பசி இங்க இருக்குது, உங்க தம்பி கோவம் இங்க இருக்குது, அந்த சோபாவுல இருக்கறது சட்டை மாட்டற கொக்கி. வேணுமின்னா உங்க ஊட்டுக்கே தூக்கீட்டுப் போயி மாட்டிக்கங்!"

அத்தை போனவள், வாசலில் நின்றிருந்த டிபன் கேரியர்களிடம், "ஐயாவுக்குக் கோவம் வந்திருச்சு, அப்புறம் வாங்க" என்று பயபக்தியோடு சொன்னாள். இப்படித்தான் இந்த ஊர் எதையும் செரித்துவிடும். அம்மா திட்டினாலும் அதை ஐயாவின் கணக்கில்தான் எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் அவளுக்கு உதடு நீலம் பூத்து, நான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, எந்த வியப்பும் காட்டாமல், "ஒரு ஆள் இருக்கற வீட்டுல ரெண்டு பேர் குடியிருக்காங்க" என்றார். "இன்னும் ஒரு மூட்டை வந்து இறங்குச்சுன்னா இந்த இதயம் தாங்காதும்மா, பாத்துக்கங்க."

சித்திரைப் பௌர்ணமிக்கு மன்றத்தில் விழா. ஆசான் வடக்கே மலைக்குப் போகிறார், போகும்முன் தன் பீடத்தில் வேறொருவரை உட்கார்த்திவிட்டுப் போவார், அந்த வேறொருவர் அப்பா. அன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் அவர் கடைசியாக ஆசையை விட வேண்டும், விட்டால் பீடம். நான் அப்பாவிடம் போய், "மணல்ல ஊத்துங்கப்பா, அம்மா செத்துப்போயிரும்" என்றேன். அவர் கோபப்படவில்லை, அது அவரிடம் இல்லை. ஆனால் ஆசை இன்னும் இருந்தது, அது கண்ணில் மினுங்கியது. "அவ ஏந்துனாத்தான், கண்ணு, எனக்கு முழுசா விடும்" என்றார் மெதுவாக. "மணல்ல ஊத்துனா விட்ட மாதிரியே இருக்காது."

அம்மாவிடம் போய் அழுதேன். "கையை மட்டும் நீட்டாதம்மா. பின்னால கட்டிக்கிட்டு நில்லு. எங்கூட விடுதிக்கு வந்துரு."

அவள் அப்போது ஒப்புட்டு தின்றுகொண்டிருந்தாள். தின்று முடித்து, விரலை நக்கி, யோசித்தாள். "பசியும் கோவமும் உங்கப்பனோடது வந்திருச்சு. என்னத்துக்கு இந்த மனுசன் இத்தன வருசம் தின்னாரு, என்னத்துக்குக் கத்துனாருன்னு மட்டும் எனக்கு இன்னும் வெளங்கல அம்மிணி. அந்த ஆசை என்னதான்னு ஒருக்காப் பாத்துப்போடறேன்."

"பாக்கறதுக்கு உசுரக் குடுப்பியா?"

"நீதான எல்லாத்தையும் கேட்டு வெளங்கிக்கோணும்ங்கறவ" என்றாள். வாதத்தில் நான் தோற்றது அந்த ஒரு தரம்தான்.

பௌர்ணமியன்று மாலை குடோன் மாடி நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, வீதி நிரம்பியது, ஊரே தறியை நிறுத்திவிட்டு வந்திருந்ததால் அத்தனை அமைதி, கைக்குழந்தைகள் பயந்து அழுதன. மேடையில் பீடம். புலித்தோல் மாதிரி அச்சடித்த வெல்வெட் மெத்தை, ஓரத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைத்தடம் கூடத் தெரிந்தது. அப்பா செம்பை எடுத்தார். "ஆசையை விட்டேன்" என்றார். அம்மா, படியேறின மூச்சு இன்னும் அடங்காமல், இரண்டு கையையும் நீட்டினாள். நான் அவள் பின்னால் நின்று அவள் விலாவைப் பிடித்துக்கொண்டேன், விழுந்தால் தாங்கலாமென்று. தண்ணீர் விழுந்தது. அவள் உடம்பு ஒரு முறை குலுங்கியது, நெஞ்சு என் உள்ளங்கையில் தறி மாதிரி அடித்தது, பிறகு அவள் என் கையை விலக்கிவிட்டு நிமிர்ந்தாள், நேராக மேடையில் ஏறினாள், பீடத்தில் உட்கார்ந்தாள்.

வேறென்ன செய்வாள்? அப்பாவின் ஆசை அதுதான். பசியை விட்டதும் அதற்காக, கோபத்தை விட்டதும் அதற்காக, ஆசையை விட்டது கூட அந்த ஆசைக்காகத்தான். ஊருக்கு மேலே நாலு அடி உயரத்தில் ஒரு மெத்தை, எதிரே குனிந்த தலைகள், அவ்வளவு பெரிய ஞானத்தின் உள்ளே இருந்தது இவ்வளவு சின்னக் கொட்டை. ஆசான் பதறி அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு எதையும் சொல்ல வேண்டுமென்ற ஆசையில்லை, செம்பைப் பிடித்தபடி நின்றார், அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மூச்சு விடும் நேரம் கூட ஆகியிருக்காது, அத்தை முதல் ஆளாகத் தடாலென்று காலில் விழுந்தாள். "ஐயாவோட ஆசைதான உக்காந்திருக்குது, அப்ப அது ஐயாதான்!" கூட்டம் அலை மாதிரி மடிந்து விழுந்தது, ஆசானும் விழுந்தார். நேற்று வரை தீனிக்காரி, கத்தல்காரி. முதுகெலும்பை நிமிர்த்தி உட்காரக் கற்றுக்கொண்ட ஊர், விழுவதற்கு எவ்வளவு சுலபமாக வளைகிறது!

அம்மா அந்தத் தலைகளைப் பார்த்தாள். மெத்தையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். மாலை ஒன்று வந்து கழுத்தில் விழுந்தது, அதை முகர்ந்து பார்த்தாள்.

"சீ, இம்புட்டுத்தானா?" என்றாள்.

ஆசையின் ஆயுள் அது கிடைக்கிற வரைக்கும்தான். அப்பா ஆயுள் முழுக்கக் கட்டிக்காத்த ஆசை அம்மாவின் மடியில் காபி ஆறுகிற நேரம் கூடத் தாங்கவில்லை. அவள் இறங்கி வந்து, மாலையைக் கழற்றி அத்தை கையில் கொடுத்து, அப்பாவிடமிருந்து செம்பை வாங்கிக்கொண்டு, "வாங் போலாம்" என்றாள். அப்பா பின்னால் நடந்தார். வரமாட்டேனென்று சொல்லவும் ஆசை வேண்டுமே.

மறுநாள் காலை, எங்கள் வீட்டு முற்றத்தில் முருங்கை மரத்தடியில் அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து, அதே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எதிரே நின்றாள் அம்மா.

"உங்களுது உங்களுக்குங். கையை நீட்டுங்."

அப்பா பார்த்தார். நீட்டவில்லை. நான் போய் அவர் கைகளைப் பிடித்துச் சேர்த்து ஏந்த வைத்தேன், விட்டதும் அவை விரிந்து தொடைமேல் விழுந்தன, மறுபடி சேர்த்தேன், மறுபடி விழுந்தன. அந்த விரல்களுக்குச் சுட்டிக்காட்டத் தெரியும், தட்டை எறியத் தெரியும், ஒரு பெண்ணின் முன்னால் ஏந்தி நிற்க ஒரு நாளும் பழகினதில்லை. இருபத்திநாலு மணி நேரமும் யோகம் செய்த உடம்புக்கு இந்த ஓர் ஆசனத்தை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"விடு அம்மிணி" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், ஏனுங் என்று ஒரு தரம் கூப்பிட்டும் பார்த்தாள். பிறகு "பசிய விட்டேன், கோவத்த விட்டேன், ஆறிப்போன ஆசையவும் விட்டேன்" என்று சொல்லி, எங்கே முதலிலேயே ஊற்றியிருக்க வேண்டுமோ அங்கே, மண்ணில், முருங்கையின் வேரில் ஊற்றினாள். செம்பு காலியாவதற்குள் நிறுத்தி, அடியில் கிடந்த ஒரு மடக்கைத் தானே குடித்தாள்.

"அதென்னம்மா?"

"கோவத்துல கொஞ்சம். உப்புக்கு வர்ற கோவத்த ஊத்திப்போட்டேன். உங்கத்தை மேல வந்துச்சு பாரு, அத வெச்சுக்கிட்டேன். ஊட்டுக்கு ஆகும்."

அந்த மரம் இப்போது குடம் குடமாகத் தண்ணீர் கேட்கிறது, அடியில் வைத்த தட்டு காலியாகிவிடுகிறது, கீரை பறிக்கப் போகிறவர்களை விளாரால் அறைகிறது, எந்நேரமும் மன்றம் இருக்கிற திசைக்குச் சாய்ந்து, யாராவது கும்பிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறது. கும்பிடாமல் இருப்பார்களா? மஞ்சள் துணி கட்டியாயிற்று, ஐயா முருங்கை என்று பெயரும் வைத்தாயிற்று, டிபன் கேரியர் வரிசை அங்கே போய்விட்டது. அதன் நிழலில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், வெள்ளிக்கிழமைதோறும் அத்தை வந்து தூசி தட்டுகிறாள். ஊரில் வேறொரு மாற்றமும் வந்திருக்கிறது. புருஷன் செம்பைத் தூக்கினால் பெண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். வேறு வழியில்லாமல் ஆண்கள் மணலில் ஊற்றிப் பார்க்கிறார்கள், அதற்கு உண்மையாகவே விட வேண்டியிருக்கிறது, அதனால் மன்றத்தில் கூட்டம் குறைந்துவிட்டது.

மண்ணில் ஊற்றின அன்று காலை, நான் அடுப்படியில் தோசை வார்த்தேன். முதல் தோசையை எடுத்ததும் அம்மா வந்து மணையைப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் இன்னும் சாப்பிடவில்லை, யாரும் கை கழுவவில்லை, தோசையிலிருந்து ஆவி பறந்தது. ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டவள் சூடு தாங்காமல் வாயை ஊதிக்கொண்டு சிரித்தாள்.

"இனி என்ன வேணும்மா உனக்கு?"

"தெரியலியே" என்றாள். யோசித்தாள். "தெரியாம இருக்கறதும் நல்லாத்தான் இருக்குது."

இரண்டாவது தோசையில் பாதியை வைத்துவிட்டுப் போதும் என்றாள். அந்தப் பாதி ஆறும்வரை, யாருக்கு என்ன வேண்டுமென்று பார்க்க அவள் எழுந்திருக்கவில்லை.